நீலப் புள்ளியின் வாக்குமூலம்

நிஷி கசாய், டோக்கியோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை எழுதும்போது நான் வீட்டில்தான் இருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் மேப்பைத் திறந்து பார்த்துக்கொள்.

எதிர்வீட்டுப் பையன் போன மாசம் உன் போனில் நான் இருக்கிற இடம் நீலப் புள்ளியாகத் தெரிகிற மாதிரி செய்துகொடுத்தான். அன்றிலிருந்து எனக்கு இரண்டு மேனேஜர்கள். ஆபீஸ் மேனேஜராவது வாரத்துக்கு ஒரு தடவைதான் விளக்கம் கேட்பார். நீ இந்த ஒரு வாரத்தில் மூன்று மெமோ கொடுத்துவிட்டாய். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏன் ஊரைச் சுற்றினேன்? புதன்கிழமை ஏன் ஒரே இடத்தில் நாற்பது நிமிஷம் நின்றேன்? வெள்ளிக்கிழமை வீட்டைப் பார்த்த பிறகும் ஏன் நிற்காமல் போனேன்? போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் அழுதுவிடுவாய், அல்லது சீரியல் ஆரம்பித்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதல் மெமோ. ஆபீஸ் முடிந்ததும் நான் ஷிஞ்ஜுகுவில் யமனோத்தே லைன் ரயிலில் ஏறுவேன். இரண்டாவது ஸ்டேஷனான தகதனோபாபாவில் இறங்கி, தோசாய் லைனுக்கு மாற வேண்டும். இந்த யமனோத்தே லைன் இருக்கிறதே, அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. டோக்கியோவின் நடுப்பகுதியைச் சுற்றி 30 ஸ்டேஷன், 34.5 கிலோமீட்டர் வட்டம். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். அன்றைக்கு உட்கார இடம் கிடைத்தது. அதுதான் வினை. கண்ணை மூடித் திறந்தேன். சொல்லிவைத்தாற்போல் தகதனோபாபா வந்திருந்தது. 'நம்ம உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கு' என்று பெருமையாக இறங்கி மணி பார்த்தால், ஒரு மணி நேரம் போயிருக்கிறது. போனில் உன் மிஸ்டு கால் நாலு. ரயிலில் போன் மணி அடிப்பதும் பேசுவதும் இங்கே மரியாதைக் குறைவு என்பதால் எல்லோரும் சத்தத்தை அணைத்து வைத்திருப்பார்கள். நான் என்னையே அணைத்து வைத்திருந்தேன்.

"ஏதாவது வேண்டுதலாடா?" என்று கேட்டாய். இல்லை. ஆனால் திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர்தான்; நான் அதைப் போல் இரண்டரை மடங்கு சுற்றியிருக்கிறேன். அதுவும் வலமாகத்தான் சுற்றினேன். புண்ணியம் இருந்தால் உன் கணக்கில் எழுதிக்கொள்.

இரண்டாவது மெமோ கொஞ்சம் நீளம். ஷிஞ்ஜுகு ஸ்டேஷன் உலகத்திலேயே அதிகம் பேர் வந்துபோகிற ஸ்டேஷன் என்று கின்னஸில் ஏறியது. கொரோனாவுக்கு முந்தைய கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 35 லட்சம் பேர். நம் ஊரில் மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு தடவை. இவர்களுக்குத் தினமும் காலை எட்டு மணிக்கு மகாமகம். வெளியே வருகிற வழிகள் மட்டும் 200-க்கு மேல். தப்பான வழியில் வெளியே வந்தால், போக வேண்டிய இடத்துக்கு இன்னொரு ஊர் போகிற தூரம் நடக்க வேண்டும்.

புதன்கிழமை ஆபீஸ் நண்பர் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். போன் சொன்னபடியே நடந்தேன். இடது, வலது, மறுபடி இடது. "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று இங்கிலீஷில் வாழ்த்துச் சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது. எதிரே வெள்ளை ஓடு பதித்த சுவர். கடை இருந்தது என் தலைக்கு நேர் மேலே, ஆறாவது மாடியில். நான் நின்றது பூமிக்குக் கீழே இரண்டாவது தளத்தில். மேப் என்பது தட்டையான சாமான் அம்மா, தோசை மாதிரி. இந்த ஊரோ அடுக்கு டிபன் கேரியர். புள்ளி இருக்கிற இடம் சரி. எந்த அடுக்கு என்றுதான் அதற்குத் தெரியாது.

சரி என்று தெருவுக்கு ஏறினால் வேறு கூத்து. ஷிஞ்ஜுகு மேற்கில் எல்லாமே வானத்தை முட்டுகிற கட்டடம். அங்கே இருக்கிற டோக்கியோ அரசு அலுவலகமே 48 மாடி, 243 மீட்டர். செயற்கைக்கோளிலிருந்து வருகிற சிக்னல் இந்தக் கட்டடங்களில் பட்டுத் தெறித்துச் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். தாமதத்தைத் தூரம் என்று நினைத்துக்கொண்டு போன் ஏமாந்துபோகும். நான் அசையாமல் நிற்கும்போதே என் புள்ளி ரோட்டைத் தாண்டி, ஒரு பாங்குக்குள் புகுந்து, திரும்பி வந்தது. நீ நாற்பது நிமிஷம் பார்த்தது அந்த நாட்டியத்தைத்தான்.

'யாரையாவது கேக்கக் கூடாதா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பாய். நம் ஊரில் விலாசம் என்றால் "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து, பச்சை கேட்டு" என்றால் போதும். கேட்டவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, ஒரு காபியும் குடித்துவிட்டு வருவோம். இங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டைக்குப் பெயர் உண்டு. அதற்குள் வட்டாரத்துக்கு ஒரு எண், மனைக்கட்டுக்கு ஒரு எண், கட்டடத்துக்கு ஒரு எண். அந்தக் காலத்தில் கட்டட எண்ணைக் கட்டின வரிசையில் கொடுத்தார்களாம்; மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் பதினேழு இருக்கும். 1962-இல் சட்டம் போட்டு வரிசைப்படுத்த ஆரம்பித்தார்கள். சென்னையில் பெரியம்மா வீட்டைப் பழைய நம்பர், புதிய நம்பர் என்று தேடி அலைந்தோமே, அதைப் பாடமாகவே வைத்துப் பட்டம் கொடுக்கிற ஊர் இது. நான் வழி கேட்ட ஜப்பான்காரர் இரண்டு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்தார். அவர் புள்ளியும் பாங்குக்குள்தான் இருந்தது.

ஒருவழியாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். போன் கேமராவை மெனு மேல் காட்டினால் ஜப்பானிய எழுத்தெல்லாம் நெளிந்து இங்கிலீஷாக மாறும். ஒரு அயிட்டத்துக்கு நேரே "பெற்றோரும் பிள்ளையும்" என்று வந்தது. பதறிப்போய் நண்பரைக் கேட்டேன். பெயரே அதுதானாம், ஓயாகோதோன். சோற்றின் மேல் கோழியும் அதன் முட்டையும். தாயும் பிள்ளையும் ஒரே கிண்ணத்தில்! நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. நான் அதைச் சாப்பிட்டேனா என்று மட்டும் கேட்காதே. அதையெல்லாம் புள்ளி சொல்லாது.

மூன்றாவது மெமோவில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தோசாய் லைனில் சாதா ரயிலும் உண்டு, விரைவு ரயிலும் உண்டு. விரைவு ரயில் தோயோச்சோவை விட்டால் அடுத்து உரயாசுவில்தான் நிற்கும். நடுவில் இருக்கிற நம் நிஷி கசாயைத் திரும்பிக்கூடப் பார்க்காது. போன் தெளிவாகத்தான் சொன்னது: 'இந்த வண்டியை விடு, அடுத்ததில் ஏறு.' பசி. கதவு திறந்திருந்தது. ஏறிவிட்டேன். சுரங்கத்திலிருந்து வெளியே வந்து அரகாவா ஆற்றுப் பாலம் கடந்ததும், என் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடை விளக்கு ஜன்னலில் 'விர்'ரென்று ஓடியது. அதற்குள் இன்னொரு ஆறும் தாண்டி, டோக்கியோ எல்லையே முடிந்து, சீபா மாகாணத்தில் போய் இறங்கினேன். நடைமேடையில் கால் வைத்ததும் உன் போன்: "ரெண்டு ஆத்தையும் தாண்டிட்டியேடா, எங்கடா போற?"

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் கும்பகோணம் இருக்கிற மாதிரி, இரண்டு ஆற்றுக்கு நடுவில்தான் நானும் இருக்கிறேன் என்பதை எனக்கு முன்னால் நீ கண்டுபிடித்துவிட்டாய். அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. உனக்குச் சாயங்காலம் ஆறு மணி ஆகும்போது இங்கே ராத்திரி ஒன்பதரை. "நீ முதல் ஆத்தைத் தாண்டினதும்தான் நான் விளக்கேத்துவேன். இன்னிக்கு ஏத்தின கையோட பாத்தா ஆளைக் காணோம்" என்றாய். பேச்சு வராமல் நின்றேன். நல்லவேளை, நடைமேடையில் பேசாமல் நிற்பது இங்கே சகஜம்.

இப்போது என் மெமோ, ஒன்றே ஒன்று. எதிர்வீட்டுப் பையன் அவசரத்தில் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி செய்துவிட்டான். உன் புள்ளியும் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையில் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய் தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்தியதாகச் சொன்னாய். உன் புள்ளி அந்தப் பக்கமே போகவில்லை. பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் ஒரு கட்டடத்தில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. அங்கே கீழே மருந்துக் கடை, மாடியில் டாக்டர், பக்கத்தில் ரத்தப் பரிசோதனை. சாமி எதுவும் கிடையாது.

'புள்ளி தப்பாக் காட்டும்னு நீதானே எழுதியிருக்கே' என்று சொல்லப் பார்க்காதே. அந்தத் தெருவில் சிக்னல் பட்டுத் தெறிக்க 48 மாடிக் கட்டடம் எதுவும் இல்லை.

நாளைக்கு ராத்திரி சாதா ரயிலில்தான் வருவேன். ஒன்பதரைக்கு ஆற்றைத் தாண்டுவேன். நீ விளக்கேற்றிவிட்டு, டாக்டர் கொடுத்த சீட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள். வீட்டுக்குள் நுழைந்ததும் கூப்பிடுகிறேன். இந்தத் தடவை முதல் கேள்வி என்னுடையது.

இப்படிக்கு,
உன் நீலப் புள்ளி