கரகரவா, கடகடவா?

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன் நான். இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்: இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது. சலசல, மடமட, கரகர. அந்தப் பாடத்தில் எனக்கே ஒரு நாள் பரீட்சை வரும், வைப்பவர் கையில் பிரம்புக்குப் பதில் ஸ்பேனர் இருக்கும் என்று நினைக்கவில்லை.

என் வண்டி 1988 மாடல் பிரீமியர் பத்மினி. இத்தாலிக்காரர்களின் ஃபியட் 1100தான் பம்பாய் குர்லாவில் பிறந்து வளர்ந்து பத்மினி ஆனது. சித்தூர் ராணியின் பெயர் என்பார்கள். எங்கள் தெருவுக்கு அது ‘தில்லானா மோகனாம்பாள்’ பத்மினிதான். சிக்னலில் நிற்கும்போது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். 1089 சிசி இன்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். பம்பாயில் 20 வயது வரம்பு முடிந்து கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. மதுரையில் நான் மட்டும்தான் ஓய்வு பெற்றேன். வண்டி இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

வம்பு ஆரம்பித்தது கொடைக்கானல் மலைப்பாதையில். டம்டம் பாறை தாண்டி ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. விலைவாசிக்கும் என் பென்ஷனுக்கும் உள்ள உறவு மாதிரி. கூடவே அடியிலிருந்து ஒரு கரகரப்பு.

“பழைய பாயைக் கொளுத்துன மாதிரி வாசனை வருதுங்க” என்றாள் மனைவி.

“பக்கத்துல யாராவது கொளுத்துவாங்க” என்றேன். அடுத்த கொண்டை ஊசி வளைவிலும் பாய். அதற்கடுத்த வளைவிலும் பாய்.

ஊர் திரும்பியதும் வைத்தியம் தொடங்கியது. முதல் மெக்கானிக், “பிக்கப் இல்லையா? அப்ப கார்பரேட்டர்தான்” என்றார். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். கழற்றியதும் இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம்; தடுமாறவில்லை என்றால் அதுதான் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற ஆள். நாலும் உழைத்தன. எங்கள் ஸ்டாஃப் ரூமில் இந்தச் சோதனை நடந்திருந்தால் பாதி வயர் தேறியிருக்காது. ஆனாலும் கார்பரேட்டரைக் கழுவிவிட்டுத்தான் அனுப்பினார்.

இரண்டாமவர் பார்த்ததும் சொன்னார்: “ரிங் போயிருச்சு. இன்ஜினை இறக்கி போர் பண்ணணும்.” புகைசாஸ்திரம் எனக்குக் கற்பித்தவரே அவர்தான். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். கறுப்பு என்றால் பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், ஹெட் கேஸ்கட் வழியாக ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. என் வண்டிப் புகையிலோ எந்த நிறமும் இல்லை. கேட்டால், “கண்ணுக்குத் தெரியாது சார், உள்ளே இருக்கு” என்றார். கடவுளைப் பற்றிச் சொன்னால் கும்பிட்டுவிட்டு வரலாம். ரிங்குக்கு எப்படிக் காணிக்கை போடுவது?

மூன்றாமவர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டார். “எப்ப வருது?” “எப்பவும் வருது.” “கியர் பாக்ஸ் போச்சு.” மச்சினன் இன்னும் சுருக்கமாகச் சொன்னான்: “வித்துருங்க மச்சான்.”

நாலாவதாகப் போனது வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

“சத்தத்தைச் சொல்லுங்க.”

“கரகர.”

“கரகரவா, கடகடவா? கடகடன்னா உள்ள ஏதோ தளர்ந்து இடிக்குது. ஙொய்ங்னு பாடுனா பின்னாடி கிரவுன் பினியன். கரகரன்னா ஒரு பேரிங் காஞ்சு சுத்துது.”

தொண்டையைச் செருமிக்கொண்டு வாயாலேயே போட்டுக் காட்டினேன். டீ கொண்டுவந்த பையன் கிளாஸோடு நின்றுவிட்டான். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டு, “கரகரதான்” என்று பாஸ் போட்டார்.

“சரி, கிளட்சை மிதிச்சா வருதா, விட்டா வருதா? மிதிக்கும்போது வந்தா கிளட்ச் பேரிங். விட்டிருக்கும்போது வந்து, மிதிச்சதும் நின்னா கியர் பாக்ஸ் பேரிங்.”

“எப்பவும் வருதுங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, நாலாவது கியர் போட்டு, கிளட்சை விடச் சொன்னார். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் உடனே ஆஃப் ஆகிவிட வேண்டுமாம். என் இன்ஜின் எதுவும் நடக்காதது போல் ஓடிக்கொண்டிருந்தது. “கிளட்ச் ஸ்லிப் ஆகுது. இன்ஜின் சம்பாதிக்கிறது சக்கரத்துக்குப் போய்ச் சேரல. வாங்க, ஒரு ரவுண்டு போவோம்.”

பக்கத்தில் உட்கார்ந்தவர் ரோட்டைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். தெப்பக்குளம் தாண்டியதும் கேட்டார்: “சார், அந்த இடது காலு அங்க என்ன பண்ணுது?”

கால் கிளட்ச் பெடல் மேல் சௌகரியமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. “அது எப்பவும் அங்கதான் இருக்கும்.”

“எடுங்க.”

எடுத்தேன். கரகர நின்றது.

பெடல் மேல் காலின் கனம் பட்டாலே போதும், பேரிங் ஓயாமல் சுற்றும். பிளேட் முழுப்பிடி பிடிக்காமல் உரசி உரசித் தீய்ந்துபோகும். மலையில் எரிந்த பாய் அதுதான். மறுநாள் கியர் பாக்ஸை இறக்கி, பழைய பிளேட்டை என் கையில் கொடுத்தார். லைனிங் முழுக்கத் தேய்ந்து ரிவிட் தலைகள் பளபளவென்று சிரித்தன. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் மாறின. கியர் பாக்ஸுக்குள்ளே ஒரு பல்லுக்கும் சேதமில்லை. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரட்டைக்கிளவியின் இலக்கணம் இன்ஜினுக்கும் பொருந்தும். காரணம் தெரியாமல் பிரித்தால் பொருள் தராது. கையிலுள்ள பொருளும் போகும். ஆகவே, பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, யாராவது “இன்ஜினை இறக்கணும்” என்றால், முதலில் உங்கள் இடது காலை இறக்குங்கள்.