ஐ.ஐ.எம். பிரவேசத்தில் வயது: ஒரு விசாரம்

மேலாண்மைக் கல்வி நிலையங்களில் இடம் பெறுவதற்கு வயது ஒரு தடையாகுமா என்னும் வினா, நவம்பர்க் கடைசியில் 'கேட்' தேர்வு நெருங்குந்தோறும் நம் இல்லங்களில் எழுந்து, கால் லெட்டர்கள் வந்தும் வராமலும் உக்கிரமடைந்து, கோடையில் ஒருவாறு ஓய்ந்து, மறு ஆண்டு அதே மனிதரால், ஆனால் ஒரு வயது கூடியவராக, மீண்டும் எழுப்பப்படுவது. தும்மலுக்கும் பல்லி விழுவதற்கும் பலன் கண்டு நூல் செய்த நம் பண்டிதர் பரம்பரை இதனைத் தீண்டாமல் விட்டது வியப்பிற்குரியது.

பூர்வபட்சியார் கூற்றை முதலில் கேட்போம். வயது தடையன்று என்பார் அவர். அவர் காட்டும் பிரமாணமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாதிலும் தோன்றி, ஐம்பதாண்டு நடந்து 2011-இல் திருச்சிராப்பள்ளிக்கும் வந்து சேர்ந்த ஐ.ஐ.எம்.களின் ஈராண்டுப் படிப்பிற்காக 'கேட்' எழுத வருவோர்க்கு உச்ச வயது வரம்பு கிடையாது; விதிக்கப்பட்ட மதிப்பெண்ணோடு ஒரு பட்டம் இருந்தால், பேரன் எழுதும் கூடத்திலேயே பாட்டனாரும் அமர்ந்து எழுதலாம். அமெரிக்கர்களோ 1975-இல் சட்டமே இயற்றி, மத்திய அரசின் நிதியுதவி பெறும் திட்டங்களில் வயது பற்றிய பேதம் கூடாதென்றனர். இவ்வளவு இருந்தும், ஹார்வர்டு வகுப்பின் சராசரி வயது 27-ஐச் சுற்றியே நிற்கிறது. எல்லோர்க்கும் திறந்திருக்கும் வாயிலில் ஒரே பருவத்தினர் மட்டும் நுழைந்துகொண்டிருப்பார்களாயின், வாயிலைவிட்டு வாயிற்காப்போனை ஆராய்வதே முறை.

அவ்வாறு ஆராயப் புகுவோர்க்கு முதலில் புலப்படுவது, இங்கே வயது ஆண்டுகளால் எண்ணப்படுவதில்லை என்பது. "அவனுக்கு இருபத்தெட்டு மாசம் வொர்க்-எக்ஸ்" என்றுதான் விண்ணப்பதாரர்கள் தம்முள் பேசிக்கொள்கிறார்கள். 3-ஆம் மாதத்துக் காப்பு முதல் 21-ஆம் மாதத்துச் சிறுதேர் ஈறாகப் பாட்டுடைத் தலைவனைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடிய பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்குப் பின், மனித வாழ்வை மாதக் கணக்கில் இத்துணை வாஞ்சையோடு அளந்தவர்கள் இந்நிறுவனத்தாரேயாவர். புலவர்கள் பிறந்த நாளிலிருந்து எண்ணினார்கள். இவர்கள் பட்டம் பெற்றபின் வாங்கிய முதற் சம்பளத்திலிருந்து எண்ணுகிறார்கள். புலவர்கள் 21-இல் நிறுத்தினார்கள், ஐ.ஐ.எம்.களுள் சில தாம் வெளியிட்ட தேர்வு முறைப்படி, அனுபவத்திற்குரிய மதிப்பெண்ணை மாதந்தோறும் ஏற்றிக்கொண்டே போய் 36-இல் நிறுத்திவிடுகின்றன. முப்பத்தேழாம் மாதத்தில் ஒருவன் ஒரு தொழிற்சாலையையே தலைமேல் தூக்கி நிறுத்தினாலும் ஏட்டில் ஏறுவது ஒன்றுமில்லை. மனித ஞானம் மூன்றாண்டில் பூரணமாகிறது என்னும் இச்சித்தாந்தத்தை எந்த உபநிஷதத்திலிருந்து எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

போதாக்குறைக்கு, பல ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் கணக்கில் கொள்கின்றன. முப்பத்தோரு வயதில், சோழிங்கநல்லூரில் பத்துப் பேரை மேய்த்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேர்வு செய்ய, சமூக அறிவியலில் வரைபடத்தைக் கோட்டைவிட்ட பதினைந்து வயதுப் பையனை அழைத்து விசாரிக்கிறார்கள். ஆகவே வயது பிரவேசத்தைப் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. பாதிப்பது எந்த வயது என்பதில்தான் இதுவரை மயக்கம் இருந்து வந்தது.

இனி நேர்காணல். பேனலின் முன் அமரும் ப்ரெஷரை, அவன் இஞ்சினீயரிங் படித்தவனாயின், லாப்லாஸ் மாற்றத்தைக் கேட்டுத் திணற அடிப்பார்கள். எட்டாண்டு உத்தியோகம் பார்த்தவரிடம் லாப்லாஸின் பேச்சே எழாது, புன்னகையோடு ஒரே ஒரு கேள்வி: "ஏன் இப்போது?" என் அண்டை வீட்டுப் பிள்ளை இதற்கு ஒரு விடையை எழுதி, நிலைக்கண்ணாடி முன் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். "மாமா, லீடர்ஷிப்னு சொல்லட்டுமா, கரியர் ஸ்விட்ச்னு சொல்லட்டுமா?" என்று என்னைக் கேட்டான். உள்ளிருந்து அவன் தாயார், "கல்யாணம் பண்ணிக்க மனசில்லேன்னு சொல்லுடா, அதுதானே நெஜம்" என்றார். தர்க்க சாஸ்திரத்தில் ஆப்த வாக்கியம் என்பது இதுதான்.

பேனலார் அக்கேள்வியைத் தம் சொந்த ஆர்வத்தால் கேட்பதாக எண்ணுவது பிழை. இரண்டாண்டு கழித்து வளாகத்திற்கு வரப்போகும் கம்பெனிக்காரர் கேட்கப்போவதை அவர்கள் முன்கூட்டியே கேட்டு வைக்கிறார்கள். பிளேஸ்மென்டில் வரும் வேலைகளிற் பெரும்பாலானவை படிப்பு முடித்து வரும் இளையோர்க்கென்று வகுத்த படியில் தொடங்குபவை. அப்படியில் முப்பத்துமூன்று வயதினரை ஏற்றினால், அவருக்கு மேலதிகாரியாக இருபத்தேழு வயதினர் வாய்ப்பார். இருவருள் யார் யாரை 'சார்' என்பது என்ற சிக்கலில் நிர்வாகம் ஸ்தம்பிக்கும். முன்னனுபவமுள்ளோரைத் தனியே பொறுக்க லேட்டரல் என்றொரு ஏற்பாடு உண்டெனினும், அது பக்கத்து வாசல்தான். ஆக, உள்ளே விடுவதை நிர்ணயிப்பவர் நுழைவாயிலில் இல்லை, வெளிவாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதே என் துணிபு. (1965-இல் அகமதாபாத் நிறுவனத்தின் முதல் முழுநேர இயக்குநராக ரவி மத்தாய் பொறுப்பேற்றபோது அவருக்கு நாற்பதுகூட நிரம்பவில்லை. அன்று அந்நிறுவனத்தையே கட்டியாளப் போதிய இளமையாக இருந்தது, இன்று அதன் ஈராண்டு வகுப்பில் மாணவனாய் அமர முதுமையாகக் கருதப்படும்.)

மூத்தோர்க்கு வழியே இல்லையோவெனின், உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1943-இலேயே உத்தியோகஸ்தர்களுக்கென எக்ஸிகியூடிவ் எம்.பி.ஏ. படிப்பைத் தோற்றுவித்தனர். அகமதாபாதிலும் அனுபவசாலிகளுக்கு ஓராண்டுப் படிப்பொன்று உள்ளது. அதன் கட்டணம் ஈராண்டுப் படிப்பினதைக் காட்டிலும் அதிகம். பாதிக் காலத்திற்குக் கூடுதல் தொகை என்பதை முரணெனக் கொள்ளலாகாது. சேமிப்பும் வயதோடு வளர்வதே என்பதை நிறுவனத்தார் நன்கறிவர்.

ஒரே ஒரு விசித்திரம் எஞ்சுகிறது. வயதைப் பற்றி இவ்வளவு நாசூக்காக வாய் திறவாதிருக்கும் இவ்வுலகில், அதனை வெளிப்படையாகவே சட்டமாக்கியிருக்கும் இடம் ஒன்றுண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்காக இந்தூர் ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கிய ஐந்தாண்டுப் படிப்புக்கு, பொதுப் பிரிவினர்க்கு இருபது வயதோடு கதவு சாத்தப்படுகிறது. அங்கே வயது முதிர்ந்தவரென்று விலக்கப்பட்ட இருபத்தோரு வயது முதியவர், அதே வாரம் அகமதாபாதின் ஓராண்டுப் படிப்பை விசாரித்தால், நீங்கள் இன்னும் குழந்தை, சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படுவார்.