முறுக்கிக்கோ கண்ணு, வெல சொல்லி முறுக்கிக்கோ

ஏங் கண்ணு, 2028 எலக்‌ஷன்ல உன்ற கட்சி இன்னாரை நிறுத்துனா ஓட்டுச்சாவடிப் பக்கமே போகமாட்டேன்னு சொன்னியாமா? உன்ற அம்மா சொல்லி வருத்தப்பட்டா. நான் வருத்தப்படல. ரோசமுள்ள புள்ளைன்னு சந்தோசந்தான். ஆனா அயோவாவுலயும் நியூ ஹாம்ப்ஷயர்லயும் இன்னும் ஒருத்தனும் ஓட்டுப் போடல. ஆராரு நிக்கறாங்கன்னே முழுசாத் தெரியல. நம்மூருத் தாய்மாமன் கூட, பந்தியில தனக்கு எந்த வரிசையில எலை போடறாங்கன்னு பாத்துட்டுத்தான் முறுக்குவான். நீ பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடியே துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்ட.

முறுக்கிக்காதேன்னு நான் சொல்லமாட்டேன். எத்தனையோ கல்யாணத்துல எத்தனையோ முறுக்கப் பாத்துட்டேன். காரியம் சாதிக்கற முறுக்குன்னு ஒண்ணு இருக்குது, பட்டினி கெடக்கற முறுக்குன்னு ஒண்ணு இருக்குது. உங்க நாட்டுல மொதல்ல சொன்னதத் தலைவருங்க எடுத்துக்கறாங்க. ரெண்டாவது உங்களுக்குன்னு உட்டுடறாங்க.

இந்தக் கிழவனுக்கு அமெரிக்காவப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்காத. நீ வாங்கிக் குடுத்த டேப்லெட்டும், மதியத்துக்கு மேல தூக்கம் வராத கண்ணும் இருந்தா எல்லா நாயமும் தெரியும்.

இந்த முறுக்குக்கு வேரு எங்கன்னு கேட்டின்னா, உங்களுக்குக் குடுத்த உரிமையிலதான். 1968ல ஹம்ப்ரி, கட்சிக்குள்ள ஓட்டு வெக்கற பிரைமரி ஒண்ணுலயும் நிக்காமலே டெமாக்ரட் வேட்பாளராயிட்டாரு. பெரிய ஆளுகளா ஒக்காந்து முடிச்சுட்டாங்க. சிகாகோ மாநாட்டு வாசல்ல போலீசு அடிச்ச அடிய ஊரே டிவியில பாத்துச்சு. எதுத்து நின்ன மெக்கார்த்தி, அக்டோபர் கடைசி வரைக்கும் வாயத் தொறக்காம இருந்துட்டுத்தான் ஹம்ப்ரிக்குச் சரின்னாரு. நிக்சன் நூத்துக்கு ஒண்ணு கூட இல்லாத வித்தியாசத்துல ஜெயிச்சாரு. அப்பறந்தான் சட்டதிட்டத்த மாத்தி, வேட்பாளரைச் சனங்களே ஓட்டுப் போட்டு எடுக்கட்டும்னாங்க. நல்ல காரியந்தான். ஆனா மேலிடம் முடிவு பண்ணுனா ஓட்டுப் போடறவன் மொணகிட்டுப் போயிருவான். தானே வரிசையில நின்னு, வாசல்ல பலகை நட்டு, 2016ல நின்ன சாண்டர்ஸ் மாதிரி ஒருத்தருக்கு 27 டாலர் அனுப்பி, அதுக்கப்பறம் அவரு தோத்தா அவனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

2008ல எரிஞ்சது உனக்கு நெனப்பிருக்காது. அந்த மார்ச்சுல காலப் சர்வேக்காரங்க கேட்டப்ப, ஹிலாரி ஆளுகள்ல நூத்துக்கு 28 பேரு, ஒபாமா நின்னா எதிர்க்கட்சி மெக்கெய்னுக்குப் போடுவோம்னாங்க. ஒபாமா ஆளுகளும் லேசுப்பட்டவங்க இல்ல, அந்தப் பக்கம் நூத்துக்கு 19. ‘பூமா’ன்னு ஒரு கூட்டமே கெளம்புச்சு. அந்தப் பேரை விரிச்சுச் சொன்னா உன்ற அம்மிச்சி என்ற வாயில மொளகாப்பொடி போட்டுருவா, உட்டுரு. ஹிலாரி அம்மா ஜூன் 7ஆம் தேதி வெலகுனாங்க. ஆகஸ்டுல டென்வர் மாநாட்டுல, எண்ணறத நிறுத்துங்க, ஒரே குரலா ஒபாமாவ அறிவிச்சுருங்கன்னு அவங்களே எந்திரிச்சுச் சொன்னாங்க. மாநாடு முடிஞ்ச மறுநாளே மெக்கெய்ன், சாரா பேலின் அம்மாவ இழுத்தாந்து தொணைக்கு நிறுத்துனாரு. கோவிச்சுக்கிட்டு நிக்கற பொம்பளைங்கள்ல பாதியாவது இக்கட்ட வந்துராதான்னு ஒரு நப்பாசை. நவம்பர்ல ஓட்டுப் போட்டுட்டு வந்தவங்களக் கேட்டா, ஹிலாரி பக்கம் நின்ன டெமாக்ரட்டுகள்ல கிட்டத்தட்ட ஆறுல அஞ்சு பேரு ஒபாமாவுக்கே போட்டிருந்தாங்க. மார்ச்சுல பேசறது ஒண்ணு, நவம்பர்ல கை போற பக்கம் ஒண்ணு.

சரி, ஹிலாரி அம்மாவுக்கு அதுல என்ன கெடைச்சுது? வெளியுறவு மந்திரி பதவி. பூமாக்காரங்களுக்கு? அதுதான் நானும் தேடறேன்.

அடுத்தது 2016. இந்தத் தடவ முறுக்கு திரும்பி ஹிலாரி அம்மா மேலயே வந்துச்சு. சாண்டர்ஸ் பெரியவரு நெசத்துல அந்தக் கட்சி ஆளே கெடையாது, வெர்மாண்ட்ல சுயேச்சை செனட்டர். இருந்தும் 1 கோடியே 30 லட்சம் ஓட்டுக்குப் பக்கம் வாங்கிட்டாரு. அவரு எப்படி முறுக்குனாரு பாரு. ஜூன் மாசமே கணக்கு முடிஞ்சு போச்சு, ஆனா மனுசன் எந்திரிக்கல. ஜூலை 6ஆம் தேதி ஹிலாரி அம்மா, வருசத்துக்கு 1,25,000 டாலர் வரைக்கும் சம்பாதிக்கற குடும்பத்துப் புள்ளைங்களுக்கு அவங்கவங்க மாநிலத்து அரசுக் காலேஜுல பீசு இல்லைன்னு அறிவிச்சாங்க. கட்சி அறிக்கையில மணிக்கு 15 டாலர் கூலி ஏறுச்சு. 12ஆம் தேதி போர்ட்ஸ்மவுத்துல மேடை ஏறி, சரி, இந்தம்மாதான்னுட்டாரு. காரியம் சாதிக்கற முறுக்குன்னா அதுதான். அவரோட ஆளுக என்ன பண்ணுனாங்க? பிலடெல்பியா மாநாட்டுக்கு வந்து, ஹிலாரிக்குப் போடுங்கன்னு சொன்ன அந்தப் பெரியவரையே கூச்சல் போட்டு அடக்கப் பாத்தாங்க! கட்சி ஆபீசுக்காரங்க பெரியவர் மேல ஓரவஞ்சனை வெச்ச ஈமெயிலெல்லாம் அந்த வாரந்தான் வெளிய வந்திருந்துச்சு, தலைவியம்மா ராஜினாமாவே பண்ணுனாங்க. அதனால கோவத்துல நாயம் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா பெரியவரு வாங்க வேண்டியத வாங்கிட்டாரு. அதுக்கப்பறமும் நின்னவங்க வெல சொல்லாம நின்னாங்க.

இப்ப உங்க ஊருக் கணக்கு. அந்த வருசம் மிச்சிகன்ல டிரம்பு ஜெயிச்ச வித்தியாசம் 10,704 ஓட்டு. ஓட்டுச்சாவடி வரைக்கும் போயி, சீட்ட வாங்கி, கீழ இருக்கற பதவிக்கெல்லாம் குறி போட்டுட்டு, ஜனாதிபதி கட்டத்த மட்டும் வெத்தா உட்டுட்டு வந்தவங்க 75 ஆயிரத்துக்கு மேல! ஜில் ஸ்டெயின் அம்மாவுக்கு விழுந்தது 51 ஆயிரஞ் சொச்சம். விஸ்கான்சின்லயும் பென்சில்வேனியாவுலயும் கூட வித்தியாசத்த விட அந்தம்மா ஓட்டு எச்சு. இதெல்லாம் சாண்டர்ஸ் ஆளுக ஓட்டுன்னு நான் சத்தியம் பண்ணல. பாதிப்பேரு ரெண்டு பேரையும் புடிக்காதவங்களா இருந்திருப்பாங்க. பின்னால எடுத்த ஒரு சர்வேயில, பிரைமரியில சாண்டர்சுக்குப் போட்டவங்கள்ல நூத்துக்கு 12 பேரு டிரம்புக்கே குத்திட்டு வந்திருந்தாங்கன்னு தெரிஞ்சுது. அவங்களப் பாத்தா எனக்கு ஒரு மரியாதை. முறுக்குனா அப்படி முறுக்கோணும், எதிராளி வூட்டுப் பந்தியிலயே போயி ஒக்காந்துக்கிட்டு!

ரிபப்ளிகன் பக்கம் நாயமாப் பேசுவாங்கன்னு பாத்தியா? அங்க 17 பேரு நின்னாங்க. 2015 ஆகஸ்டுல மொத விவாதத்துலயே, ஆரு ஜெயிச்சாலும் ஆதரிப்பேன்னு ஒத்துக்க முடியாதவங்க கைய தூக்குங்கன்னாங்க. தூக்குன ஒரே கை டிரம்போடது. கடைசியில ஜெயிச்சதும் அவருதான், அதனால தூக்காத கையெல்லாம் மாட்டிக்கிச்சு. டெட் குரூஸ் கிளீவ்லண்ட் மாநாட்டு மேடையிலயே ஏறி, மனசாட்சிப்படி போடுங்கன்னு சொல்லிக் கூச்சல் வாங்குனாரு. செப்டம்பர் முடியறதுக்குள்ள அவரோட மனசாட்சி டிரம்புக்கே போடச் சொல்லிருச்சு. சின்ன மார்கோன்னு கேலி பேச்சு வாங்குன ரூபியோ இப்ப அவருக்கு வெளியுறவு மந்திரி. அன்னிக்கு டிரம்ப வாய்க்கு வந்தபடி எழுதுன வான்ஸ் தம்பி தொணை ஜனாதிபதி.

ஆனா ரோம்னி கதைதான் எனக்கு நெம்பப் புடிக்கும். 2016 மார்ச்சுல யூட்டாவுல நின்னுக்கிட்டு டிரம்ப ஏமாத்துக்காரன்னு மைக் வெச்சுச் சொன்னாரு. நவம்பர்ல அதே டிரம்போட நியூயார்க் ஓட்டல்ல ஒரே மேசையில. சூப்புல தவளைக்காலு. அந்தப் போட்டோவுல ரோம்னி மொகத்தத் தேடிப் பாரு கண்ணு, நம்ம சமாதானப் பந்தியில கூட அப்படி ஒரு மொகத்த நான் பாத்ததில்ல. தவளையத் தின்னும் மந்திரி பதவி வரல, வேறொருத்தருக்குப் போயிருச்சு. ஆனா 2020ல டிரம்ப நீக்கோணும்னு செனட்ல ஓட்டுப் போட்ட ஒரே ரிபப்ளிகன் அவருதான். அதையும் சொல்லாட்டி பாவம்.

டிரம்பு நேர்மையில்லாதவரு, அந்த நாற்காலிக்கு ஆகாதவருன்னு நெனச்சு ஒதுங்குன ரிபப்ளிகன்களும் இருந்தாங்க. அதை நான் முறுக்குல சேக்கமாட்டேன். நம்ம ஆள எடுக்கலியேன்னு கோவிக்கறது வேற, எடுத்த ஆளு தப்புன்னு நெனச்சு எந்திரிச்சுப் போறது வேற. ரெண்டுக்கும் மொகம் ஒண்ணாட்டந்தான் இருக்கும், அதான் தொல்லை. உன்றது எதுன்னு நீதான் ராத்திரி படுத்துக்கிட்டு ரோசிக்கோணும்.

உங்க மிச்சிகன்லயே 2024 பிப்ரவரியில ஒண்ணு நடந்துச்சல்லோ. பைடன் காஸா விசயத்துல போக்க மாத்தோணும்னு, பிரைமரியில அவர் பேருக்குப் போடாம, ‘ஆருக்கும் உறுதி சொல்லல’ங்கற கட்டத்துல 1 லட்சத்துக்கு மேல குறி போட்டாங்க. சொந்தபந்தத்தப் பறிகுடுத்தவங்களும் அதுல இருந்தாங்க, அவங்க செஞ்சத முறுக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா செஞ்ச நேரத்தப் பாரு. பிரைமரியிலயே, வெலைய எழுதிக் காட்டி. கேட்டது கெடைக்கலங்கறது தனிக்கதை. பொறவு பைடனே வெலகி, பிரைமரியே இல்லாம கமலா அம்மா வந்து, அவங்க பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்துல பேனர் கட்டி அபிசேகம் பண்ணுனது உனக்கே தெரியும். அந்தக் கமலா அம்மாவும் 2019ல மயாமி விவாத மேடையில பைடன வெச்சு வாங்கிட்டு, மறு வருசம் அவருக்கே தொணையா நின்னவங்கதான்.

அதனால இப்பத்திலிருந்து பிரைமரி முடியற வரைக்கும் நல்லா முறுக்கு. கூட்டத்துக்குப் போ, எனக்கு இன்னது வேணும்னு கேளு, உன்ற ஆளுக்கு 27 டாலர் என்ன, 50 கூட அனுப்பு. அவரு தோத்தா அவரு என்ன வாங்கிட்டு எந்திரிக்கறாருன்னு பாரு. ஒண்ணும் வாங்காம எந்திரிச்சா அவரையும் கேளு. அதுக்கப்பறமும் நவம்பர் வரைக்கும் முறுக்கிக்கிட்டே நிக்க ஆசையா இருந்தா, வூட்டக் காலி பண்ணி கலிபோர்னியாவுக்குப் போயிரு. 2016ல அங்க ஹிலாரி அம்மா ஜெயிச்சது 42 லட்சம் ஓட்டுக்கு மேல, நீ முறுக்குனது உன்ற பொண்டாட்டிக்கு மட்டுந்தான் தெரியும். ரிபப்ளிகன்னா யூட்டா. 2016ல அங்க நூத்துக்கு 21 பேரு மெக்மல்லின்னு ஒரு சுயேச்சைக்குப் போட்டும் டிரம்பேதான் ஜெயிச்சாரு. மிச்சிகன்லயே இருந்துக்கிட்டு முறுக்கறது மட்டும் செலவு சாஸ்தி.

இல்ல அப்புச்சி, மேல இருக்கற கட்டத்த வெத்தாத்தான் உடுவேங்கறியா? உன்ற இஷ்டம். ஆனா சாவடிக்குப் போகாம இருந்துராத. அந்தச் சீட்டு கை நீளத்துக்கு இருக்குதல்லோ. உங்க மிச்சிகன்ல பல கவுண்டியில வடிகால் கமிஷனரையே ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கறாங்களாமா. அந்தக் கட்டத்துலயும் எனக்கு ஆரையும் புடிக்கலைன்னு உட்டுப்போட்டு வந்துராத சாமி. போன மழைக்கு உன்ற வூட்டு பேஸ்மெண்டுல தண்ணி நின்னு, கார்ப்பெட்டச் சுருட்டி வெய்யல்ல காயப்போட்ட போட்டோவ எனக்கு அனுப்புனது நீதான்.