மெட்ராஸ் பேரனுக்கு பஸ் பாடம்

எய்யா, அந்தப் போனை மடக்கிப் பையில வையி. விடிஞ்சதுலருந்து பாக்குதேன், பஸ் எங்க வருதுன்னு அதையே தடவிக்கிட்டு நிக்க. மெட்ராஸ்ல 3,000 பஸ்ஸுக்கு மேல ஓடுது. எது எந்த சிக்னல்ல கெடக்குன்னு தெரிய ஒனக்கு ஆப்பு வேணும். இங்க என்னத்துக்கு? மேக்கரை ரோட்டுல மாடு மேய்க்குதவன்ட்ட கேளு. எந்த வளைவுல வருது, யாரு டிரைவர், ராத்திரி அவரு வீட்டுல சண்டையா சமாதானமான்னு வரைக்கும் சொல்லுவான்.

அங்க "29சி எப்ப வரும்?"னு கேப்பிய. வடகரைப் பக்கம் அப்படிக் கேக்கப்படாது, மரியாதைக்கொறவு. "நேத்து வந்துச்சா?"ன்னு கேக்கணும். நேத்து வந்திருந்தா இன்னைக்கு டிப்போல படுத்துருக்கும். நேத்து வரலன்னா இன்னைக்கு வாரதுக்கு ஒரு நியாயம் இருக்கு. ரெண்டு நாளும் வரலையா, குத்தாலத்துல சாரல் விழுந்துட்டுன்னு வச்சுக்கோ. நம்ம பஸ்ஸும் பாவம், அருவியில குளிக்கப் போயிருக்கும்.

1974-ல நெல்லைச் சீமைக்கு கட்டபொம்மன் பேருல போக்குவரத்துக் கழகம் வந்தப்போ எங்களுக்கெல்லாம் மீசை துடிச்சுது. அப்புறம் பேரை எடுத்துட்டாவ. மீசையும் நரைச்சுட்டு.

இப்ப கலெக்சன் கணக்கைக் கேளு. ராத்திரி சிங்கிள்ல ஆளே இல்லையாம், அதனால வெட்டுனாவளாம். ஆளு ஏன் இல்லை? வரும் வரும்னு நின்னவன் நாலு நாளு நடந்து வந்தான், அஞ்சாம் நாளு தவணைக்கு பைக்கு எடுத்துட்டான். அவன் பைக்கு எடுத்ததைக் காட்டி சாயந்திர சிங்கிளையும் வெட்டலாம். இப்படியே போனா பஸ்ஸே விடாம, நஷ்டமே இல்லாம நம்ம ஊரைக் காப்பாத்திரலாம். கணக்குப்பிள்ளைக்கு நல்ல தூக்கம் வரும். மெட்ராஸ்லயும் நஷ்டந்தான் எய்யா, இல்லைங்கல. ஆனா அங்க ஒரு பஸ்ஸை நிறுத்துனா பின்னாலயே இன்னொண்ணு வரும், மின்சார ரயில் வரும், மெட்ரோ வரும், ஷேர் ஆட்டோ வரும். இங்க நிறுத்துனா பின்னால வாரது யானைதான். தென்னந்தோப்புக்கு அது மட்டும் டயம் தப்பாம வந்துருது.

ஒங்க ஆச்சிக்கு 2021 மே 8-லருந்து டவுன் பஸ்ல காசு கிடையாது. அன்னையிலருந்து அவ நடையே மாறிப்போச்சு. நான் டிக்கெட் எடுக்கணும், அவ சன்னலோரம் ஒக்காந்துக்கிட்டு என்னைய யாருன்னே தெரியாத மாதிரி பாப்பா. நல்ல திட்டந்தான், சும்மா சொல்லப்படாது. பட்டணத்துல ஒரு பஸ்ஸை விட்டா அடுத்த சாதா பஸ்ல ஏறிக்கிடுவாவ. இங்க அதை விட்டா மினி பஸ்ஸு. 1997-ல வந்த மினி பஸ்ஸுக்கு 2025 ஜூன்ல புதுத் திட்டமும் வந்துருக்கு, பஸ் போவாத ஊருக்கெல்லாம் போவணும்னு. ஆனா அது தனியார் வண்டி, ஆச்சிக்கும் டிக்கெட்டு உண்டு. அன்னைக்கு மட்டும் அவளுக்கு நான் புருசன்.

கோவப்படாத. மனு எழுதப்போறேன்னு சொன்னியே, தாராளமா எழுது. 2019-லயே தென்காசி தனி மாவட்டமாயிட்டு, கலெக்டர் இருக்காவ, திங்கக்கிழமை தோறும் மனு வாங்குதாவ. ஒரே ஒரு சங்கடம். பஸ் வரலன்னு மனுக் குடுக்க, அந்த பஸ்ல ஏறித்தான் தென்காசி போவணும். வந்துட்டுன்னா, "அதான் வந்துட்டுல்லா, பெறவு என்ன மனு?"ன்னு கேப்பாவ. வரலன்னா மனுவும் போய்ச் சேராது.

அதனால எழுதி ஒங்க ஆச்சி கையில குடுத்துரு. அவளுக்கு ஓசி. மனு சேருதோ இல்லையோ, வரும்போது கருவாடு வாங்கிட்டு வருவா.