ஹன்னிபால் வந்தும் இறங்காத விலை

கி.மு. 211-இல் ரோமாபுரிக்கு வெளியே மனை வாங்க நினைத்தவனுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஊருக்கு மூன்று மைல் தள்ளி, ஆனியோ ஆற்றங்கரையில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் படையோடு கூடாரம் அடித்து உட்கார்ந்திருக்கிறான். ஆல்ப்ஸ் மலையை யானைகளோடு தாண்டி வந்த ஆள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கன்னே போர்க்களத்தில் ஒரே நாளில் ரோமப் படையைத் துவம்சம் செய்தவன். அவன் கூடாரம் அடித்த இடம் எந்தப் புண்ணியவானுடையதோ, அந்த நிலம் அதே நாட்களில் ரோமாபுரிக்குள் விலைக்கு வந்தது. வாங்கவும் ஆள் வந்தது. சுவாதீனத்தில் கார்த்தேஜ் சேனை என்பதைவிடப் பெரிய வில்லங்கம் ஒரு மனைக்கு இருக்க முடியுமா? நம்மூர் ஆளாக இருந்தால் கால் விலைக்குக் கேட்டுவிட்டு, அதையும் தவணையில் தருகிறேன் என்பான். ரோமாபுரியில் ஒரு காசு குறையாமல் கிரயம் முடிந்தது என்று எழுதுகிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி.

சிறைப்பட்ட ஒருவன் மூலம் இந்தச் சேதி ஹன்னிபாலுக்குப் போனது. கோட்டையைப் பிடிக்க முடியாததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். தான் உட்கார்ந்தும் மனை விலை இறங்கவில்லை என்றால் எந்தத் தளபதிக்குத்தான் ரோஷம் வராது? உடனே ஏலம் கூவுகிறவனைக் கூப்பிட்டு, ரோமாபுரி மன்றத்தைச் சுற்றியிருந்த வட்டிக்கடைகளை ஏலம் விடச் சொன்னான். கடைகள் கோட்டைக்குள்ளே, ஏலம் கோட்டைக்கு வெளியே. யாராவது எடுத்தார்களா என்று லிவி சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஹன்னிபால் கிளம்பிப் போய்விட்டான்.

லிவி இதை எழுதியது சம்பவம் நடந்து சுமார் இருநூறு வருஷம் கழித்து. தேசபக்திக் கதை என்று சந்தேகப்பட்டால் தப்பில்லை. ஆனால் புரோக்கர்கள் இதுவரை சொன்ன கதைகளிலேயே இதுதான் உயர்ந்தது: “சார், ஹன்னிபால் வந்தப்பவே இந்த ஏரியாவுல ரேட் இறங்கல.”

எதிரி வந்தால் இறங்காது. சரி, வேறு எதற்குத்தான் இறங்கும்? அடுத்த இருநூற்றைம்பது வருஷம் ரோமாபுரிப் பணக்காரர்கள் இதே ஆராய்ச்சியாக இருந்தார்கள்.

அதில் முதல் பட்டதாரி மார்க்கஸ் கிராசஸ். சுல்லா சர்வாதிகாரியாக இருந்தபோது, வேண்டாதவர்கள் பெயரைப் பலகையில் எழுதிப் பொது இடத்தில் மாட்டினார். பெயர் வந்தவன் உயிர் போகும், சொத்து ஏலத்துக்குப் போகும். இத்தனை வீடு ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தால் விலை என்ன ஆகும்? முன்வரிசையில் கிராசஸ் நின்றார். புரூட்டியம் பக்கத்தில் ஒருவனுடைய சொத்தின்மேல் ஆசைப்பட்டு, சுல்லாவைக் கேட்காமலே அவன் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டார் என்று ஒரு பேச்சு. சுல்லாவுக்கே அது அதிகமாகப் பட்டு, பிறகு இவரைப் பொதுக் காரியம் எதற்கும் சேர்த்துக்கொள்ளவில்லையாம்.

பலகை ஓய்ந்த பிறகு கிராசஸ் தீயை நம்பினார். ரோமாபுரி வீடுகள் உயரமாகவும் நெருக்கமாகவும் இருந்ததால் ஒன்று எரிந்தால் தெருவே எரியும். எரியாத நாளில் தானாக இடிந்து விழும். எரிகிற வீட்டையும் அதன் பக்கத்து வீடுகளையும் அவர் அங்கேயே விலை பேசுவார். பக்கத்து வீட்டுக்காரன் பயத்தில் கிடைத்ததற்குக் கொடுப்பான். கிராசஸிடம் சொந்தமாகத் தீயணைப்புப் படை இருந்தது என்று இன்று பலரும் சொல்கிறார்கள். அவர் வரலாற்றை எழுதிய புளூட்டார்க் சொல்வது அடிமைகளாக வாங்கிய ஐந்நூறுக்கு மேற்பட்ட கொத்தனார்களையும் கட்டடக் கலைஞர்களையும் பற்றித்தான். தீயை அணைத்ததாக ஒரு வார்த்தை இல்லை. அணைத்துவிட்டால் விலை ஏறிவிடாதா? இப்படியே ரோமாபுரியின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்துவிட்டதாம்.

லிசினியா விவகாரம் இன்னும் அழகு. அவள் வெஸ்டா கோயில் கன்னி. அந்தக் கன்னிகள் ஆண் சகவாசம் வைத்துக்கொண்டால் உயிரோடு புதைப்பார்கள். அவளை நிழல்போலச் சுற்றிக்கொண்டிருந்த கிராசஸ்மேல் வழக்கு வந்தது. விசாரித்ததில், அவளுக்கு ஊருக்கு வெளியே அருமையான தோட்ட வீடு ஒன்று இருப்பதும், அதை அடிமாட்டு விலைக்குக் கேட்டுத்தான் இவர் பின்னாலேயே அலைகிறார் என்பதும் தெரிந்தது. நீதிபதிகள் விடுவித்தார்கள். ஒரு மனிதனுடைய கஞ்சத்தனம் அவன் கற்புக்குச் சாட்சி சொன்ன வழக்கு சரித்திரத்தில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை. வழக்கு முடிந்த பிறகும் வீடு கைக்கு வரும்வரை அவர் லிசினியாவை விடவில்லை.

இப்படி வாங்கிக் குவித்தவர் யாரிடம் விற்பார்? பேச்சாளர் சிசரோ மாதிரி ஆளிடம். கி.மு. 62-இல் பாலட்டைன் குன்றில், ஊரின் முதல் தரமான தெருவில், கிராசஸின் வீடு ஒன்றை சிசரோ 35 லட்சம் செஸ்டர்ஸ் நாணயத்துக்கு வாங்கினார். கையில் அவ்வளவு காசு கிடையாது. அப்போது வழக்கில் மாட்டியிருந்த பப்ளியஸ் சுல்லா என்பவரிடம் ரகசியமாக 20 லட்சம் கடன் வாங்கினார். விஷயம் கசிந்தது. “வீடு வாங்குகிறீர்களாமே?” என்று கேட்டார்கள். கடனுமில்லை, வீடு வாங்கும் எண்ணமுமில்லை என்று சாதித்தார். பிறகு வாங்கினார். சபையில் இதைக் கிளறியபோது கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: புத்திசாலிக் குடும்பஸ்தன் வாங்க நினைப்பதை வாங்கப் போவதில்லை என்றுதான் சொல்வான், இல்லாவிட்டால் போட்டிக்கு ஆள் வந்துவிடும் என்று. “இப்ப வாங்கற ஐடியா இல்ல, இன்னும் இறங்கட்டும்” என்று டீக்கடையில் சொல்லிவிட்டு நேரே அட்வான்ஸ் கொடுக்கப் போகிற சகல ஜீவன்களுக்கும் இவர்தான் குலகுரு. வாங்கிய பிறகு, தன்மேல் ஏறியிருக்கும் கடனுக்கு ஏதாவது சதிக் கும்பலில் சேர்ந்துவிடலாம்போல இருக்கிறது என்று நண்பருக்குக் கடிதத்தில் கிண்டலாக எழுதினார். முந்தின வருஷம்தான் கடன்காரர்கள் சேர்ந்த கடிலினாவின் சதியை ஒடுக்கியிருந்தார்.

உச்ச விலைக்கு வாங்கியவருக்கு நடப்பதெல்லாம் அவருக்கும் நடந்தது. கொஞ்சம் கூடுதலாகவே நடந்தது. கி.மு. 58-இல் எதிரி குளோடியஸ் அவரை நாடு கடத்த வைத்து, வீட்டை இடித்து, அந்த இடத்தில் சுதந்திர தேவிக்கு ஒரு கோயிலும் கட்டிவிட்டான். கோயில் கட்டிய மனையை மீட்பது எவ்வளவு சிக்கல் என்பது நமக்குப் புதிதில்லை. அடுத்த வருஷம் திரும்பி வந்த சிசரோ, பூசாரிகள் சபையில் ஒரு முழுநீளப் பேருரை ஆற்றி இடத்தை மீட்டார். கட்டடத்துக்கு நஷ்டஈடு 20 லட்சம்.

நடுவில் உள்நாட்டுப் போர்கள். தோற்றுப்போன தளபதி பாம்பேயின் வீடு ஏலத்துக்கு வந்தபோது ஊரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மார்க் ஆண்டனி ஒருவன்தான் கை தூக்கினான். ஏலம் எடுத்ததற்குப் பணமும் கட்ட வேண்டும் என்று சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தப் போர்க்காலத்தில் ஜூலியஸ் சீசர் ஒன்றைக் கவனித்தார். காசு வைத்திருக்கிறவன் எல்லாம் அதைப் பதுக்கிவிட்டு, நிலம் இன்னும் விழட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். அவன் உட்கார்ந்திருப்பதாலேயே அது விழுகிறது. கி.மு. 49-இல் ஒரு சட்டம் போட்டார்: யாரும் 60,000 செஸ்டர்ஸுக்கு மேல் ரொக்கமாக வைத்திருக்கக் கூடாது. எஜமானன் பதுக்கியதைக் காட்டிக்கொடுக்கும் அடிமைக்குப் பரிசு தரலாமே என்று ஜனங்கள் கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டார். காட்டிக்கொடுக்க ஆளில்லாத பதுக்கல் சட்டம் எவ்வளவு தூரம் ஓடும்? ஓடவில்லை. கடன் கொடுப்பவர்கள் இத்தாலியில் இவ்வளவு நிலம் வைத்திருக்க வேண்டும் என்று அவர் போட்ட இன்னொரு சட்டமும் பெட்டிக்குள் போய்த் தூங்கியது.

கி.மு. 29-இல் அகஸ்டஸ் எகிப்தின் கஜானாவை வாரிக்கொண்டு வந்து இறக்கினார். 12 சதவீத வட்டி 4 சதவீதமானது. நிலத்தின் விலை கிடுகிடுவென்று ஏறியது. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று இருந்தவர்கள் அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்பதை எந்த ஆசிரியரும் பதிவு செய்யவில்லை. அச்சில் வரக்கூடியதாக இருந்திருக்காது.

இனி திபேரியஸ். கி.பி. 33. சக்கரவர்த்தி பல வருஷமாக ஊரிலேயே இல்லை, காப்ரி தீவில் இருக்கிறார். பெட்டியில் தூங்கிய சீசரின் சட்டத்தை யாரோ தட்டி எழுப்பி, அதை மீறிய வட்டிக்காரர்கள்மேல் வழக்குப் போட ஆரம்பித்தார்கள். குவிந்த வழக்குகளைப் பார்த்து மிரண்ட நீதிபதி கிராக்கஸ், செனட் சபையிடம் யோசனை கேட்டார். சபையில் வட்டிக்கு விடாத ஒருவரும் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து சக்கரவர்த்தியிடம் மன்னிப்பு கேட்டார்கள். கணக்கு வழக்கைச் சட்டப்படி சரிசெய்ய அவர் 18 மாதம் தவணை கொடுத்தார்.

அன்றைக்கே எல்லா வட்டிக்காரர்களும் எல்லாக் கடன்காரர்களையும் ஒரே நேரத்தில் நெருக்கினார்கள். ஊரில் காசில்லை. ராஜத்துரோக வழக்குகளில் மாட்டியவர்களின் சொத்தை விற்ற பணமெல்லாம் கஜானாவுக்குள் போய் முடங்கியிருந்தது. செனட்டுக்கு ஒரு யோசனை பிறந்தது: கடன் கொடுப்பவர்கள் தங்கள் முதலில் மூன்றில் இரண்டு பங்கை இத்தாலிய நிலத்தில் போட வேண்டும். கடன்காரன் நிலத்தை விற்பான், வட்டிக்காரன் வாங்குவான், காசு சுழலும். காகிதத்தில் பழுதே சொல்ல முடியாது.

வட்டிக்காரர்கள் காசை வசூலித்தார்கள். வாங்கவில்லை. கல்யாணப் பந்தியில் பாயசம் வரட்டும் என்று இலையை மடிக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். இன்று எட்டுக்கு வந்தது நாளை ஆறுக்கு வரும், இப்போது எதற்கு அவசரம்? விற்கிறவன் கூட்டம் பெருகப் பெருக விலை சரிந்தது. சரியச் சரிய, கடனை அடைக்க இன்னும் அதிக நிலத்தை விற்க வேண்டியிருந்தது. ஹன்னிபால் படையோடு வந்து சாதிக்க முடியாததை, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு நூறு கனவான்கள் சும்மா இருந்தே சாதித்தார்கள். குடும்பங்கள் குடைசாய்ந்தன, சொத்தோடு அந்தஸ்தும் பெயரும் போயின என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

ரோமாபுரிக் காசெல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு நம் பக்கத்திலும் ஒரு பதில் கிடக்கிறது. பெண்கள் கல்லுக்கும் மணிக்கும் ஆசைப்பட்டு நம் பணத்தை அந்நியருக்கு அனுப்புகிறார்கள் என்று திபேரியஸே கி.பி. 22-இல் செனட்டுக்குப் புலம்பிக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் முகம் போட்ட வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில், கோவை வட்டாரத்தில், பானை பானையாக அகப்பட்டன. ஆனாலும் 33-ஆம் வருஷத்துப் பழியை மிளகு மூட்டையின் தலையில் கட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. உண்மையான பதுக்கல்காரர் தீவில் இருந்தார். அதே வருஷம் ஸ்பெயினின் பெரும் பணக்காரர் செக்ஸ்டஸ் மரியஸை, மகளோடு தகாத உறவு என்று குற்றம்சாட்டிப் பாறையிலிருந்து உருட்டிவிட்டு, அவருடைய சுரங்கங்களை திபேரியஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டார். நாலு வருஷம் கழித்துச் செத்தபோது அவர் கஜானாவில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்தது. அடுத்து வந்த சக்கரவர்த்தி கலிகுலா அதை ஒரு வருஷத்துக்குள் தீர்த்துக்கட்டினான். பதுங்கிய பணத்தைப் புழக்கத்துக்கு விடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

கடைசியில் திபேரியஸ் இறங்கி வந்தார். வட்டிக்கடைகள் வழியாக 10 கோடி செஸ்டர்ஸ், மூன்று வருஷத்துக்கு வட்டியில்லாக் கடன். நிபந்தனை ஒன்றே ஒன்று: வாங்கும் தொகைக்கு இரண்டு பங்கு மதிப்புள்ள நிலத்தை ஈடு காட்ட வேண்டும். ஒரு வீட்டுக்குக் கடன் வேண்டுமானால் இரண்டு வீடு இருக்க வேண்டும் என்கிற இந்த வங்கி தர்மம் அப்போதே இருந்திருக்கிறது. சந்தை மூச்சுவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு நிலம் வாங்கும் கட்டளை ஆரம்பத்தில் கறாராக இருந்து பிறகு காற்றில் போனது.

இந்தக் கதையில் மாடி அறைகளில் வாடகைக்கு இருந்தவர்கள் எங்கேயும் வரவில்லை. நிலம் இத்தாலியில் விழுந்து கிடந்தாலும் ஈடு வைக்க அவர்களிடம் இரண்டு பானையும் ஒரு கட்டிலும்தான். பிற்காலத்தில் கவிஞர் ஜுவெனல் கணக்குப் போட்டுப் பார்த்தார்: ரோமாபுரியில் இருட்டறை ஒன்றுக்குக் கொடுக்கும் ஒரு வருஷ வாடகையில் சோராவிலோ ஃப்ரூசினோவிலோ நல்ல வீட்டைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். சொன்னாரே தவிர, கூட்டம் குறையவில்லை.

வட்டியில்லாக் கடனின் தவணை முடிகிற கி.பி. 36-இல் அவென்டைன் குன்று எரிந்தது. எரிந்த வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் விலை கட்டி சக்கரவர்த்தி ஈடு கொடுத்தார். தொகை அதே 10 கோடி. சேதத்தை மதிப்பிட ஐந்து பேர் குழு. அதில் நான்கு பேர் அவருடைய பேத்திகளின் கணவர்கள். ஐந்தாமவர் பெட்ரோனியஸை, பார்க்க நன்றாக இருக்காது என்பதால் கான்சல்கள் சேர்த்தார்கள்போல. பணம் கட்டட உரிமையாளர்களுக்குப் போனது. குடியிருந்தவர்கள் வழக்கம்போல் வேறு மாடி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.