ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள்

போடியில் எங்கள் தெருப் பெரியவர்களில் பாதிப் பேர் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள். ஆதார் அப்படித்தான் சொல்கிறது. வருஷம் மட்டும் தெரியும், தேதி தெரியாது என்றால் கம்ப்யூட்டர் தானாகவே 01.01 என்று போட்டுக்கொள்ளும். புத்தாண்டன்று தெருவே கூடிக் கேக் வெட்டலாம். யாரும் வெட்டுவதில்லை, அன்றைக்கும் விடியுமுன்னே ஏலத்தோட்ட ஜீப் வந்து ஹாரன் அடித்துவிடும்.

என் அத்தை 01.01.1957. ஆனால் தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போன வருஷந்தான் பெரிய மனுஷி ஆனதாக அத்தை சொல்லும். அது 1964 டிசம்பர். ஆதார்க் கணக்குப்படி ஏழு வயதில் அத்தையைக் குச்சு கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் முழங்கால் வலியில் தொடங்கியது. போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் சரிவிலேயே காலம் தள்ளிய முழங்கால் அது. ஏலச்செடி உயரமாக வளர்ந்தாலும் காய் மேலே காய்ப்பதில்லை. சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் காய் எடுக்க வேண்டும், அதுவும் மழை ஈரத்தில், அட்டைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மூட்டு மாத்தணும்மா. காப்பீட்டு அட்டை இருக்கா?” என்றார். அத்தைக்குத் தெரிந்த அட்டை அந்த ஒன்றுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம். அதோடு எனக்குச் சண்டை கிடையாது. 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கியது, 2012-ல் பெயர் மாறியது, 2018-ல் ஒன்றிய அரசின் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டு இன்னும் நீளமான பெயரோடு நிற்கிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்கு வைத்தியம். இத்தனை முறை பெயர் மாறியதற்கு அந்தத் திட்டத்திடம் யாரும் கெஜட் கேட்கவில்லை. ரேஷன் கார்டில் ‘பேச்சியம்மாள்’, ஆதாரில் ‘பேச்சியம்மா’ என்று இருந்ததற்கு அத்தையிடம் கேட்டார்கள். ஒன்றில் இனிஷியல் அப்பாவுடையது, மற்றதில் மாமாவுடையது. அத்தை எந்த வீட்டுப் பெண் என்பதில் அரசாங்கத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு.

காகிதங்கள் வீட்டில் ஒரு முறுக்கு டப்பாவுக்குள் இருந்தன. எடுத்தால் ஒவ்வொன்றிலும் எண்ணெய் வாசம். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து நீட்டினோம். கவுண்டரில் இருந்த பையன் புரட்டிவிட்டு, “ஒரிஜினல் எங்கம்மா?” என்றான்.

“நாந்தேன்ப்பா ஒரிஜினல்” என்றது அத்தை.

அடுத்தது வருமானச் சான்று. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பை 2022-ல் 1,20,000 ஆக்கிவிட்டார்கள். சிக்கல் தொகையில் இல்லை. சம்பாதிப்பது இடுக்கி மாவட்டத்தில், சான்று வாங்குவது தேனி மாவட்டத்தில், நடுவே பதினேழு கொண்டை ஊசி வளைவு. வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று கேட்டால் அத்தை, “மழையைக் கேளுங்க” என்கிறது. 2019-ல் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் ஏழாயிரம் ரூபாயைத் தொட்டபோது பேப்பரெல்லாம் படம் போட்டார்கள். அத்தையின் கூலி அந்தப் படத்தில் இல்லை.

பிறகு கைரேகை. காய் எடுத்தே தேய்ந்த விரலை மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்துப் பார்த்தார்கள், தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. சரி, ஓடிபி போடலாம் என்றால் ஆதாரில் இருப்பது பேரனின் நம்பர். அவன் திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்து போனை எடுத்தபோது ஓடிபி காலமாகியிருந்தது.

இத்தனை பாட்டுக்குப் பிறகாவது அத்தை இந்தியக் குடிமகள் என்று நிரூபணமானதா? அதுதான் இல்லை. ஆதார் அடையாளத்துக்குச் சான்று, குடியுரிமைக்கு அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பிறந்த தேதிக்கும் சான்று அல்ல என்று பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். 2024 அக்டோபர் 24 அன்று, விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில், வயதை முடிவு செய்ய ஆதார் போதாது, பள்ளிச் சான்றிதழைப் பாருங்கள் என்றது உச்ச நீதிமன்றம். ஐந்தாம் நாள், அக்டோபர் 29 அன்று, எழுபது வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச மருத்துவம் என்று ஒன்றிய அரசு அறிமுகம் செய்தது. வயதுக்கு என்ன சான்று? ஆதார். தனுஷ்கோடிக் கணக்கில் அத்தை அப்போதே எழுபதைத் தாண்டியாயிற்று. ஆதாரில் இன்னும் இளமை குறையவில்லை.

நம் ஊரில்தான் இப்படி என்று நொந்துகொள்ள வேண்டாம். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு மருத்துவ உதவிக்குக் குடியுரிமைச் சான்று கட்டாயம் என்று 2006 ஜூலையில் அமெரிக்காவும் ஒரு விதி கொண்டுவந்தது. வெளிநாட்டார் நுழைந்துவிடக் கூடாதாம். கடைசியில் பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் கைவசம் இல்லாத சொந்த நாட்டு ஏழைகளே வாசலில் நின்றார்கள் என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பே மறு வருஷம் எழுதியது. அங்கே முறுக்கு டப்பா கிடையாது போலும்.

இதே தமிழ்நாட்டில்தான் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கினார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். அவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர், அட்டை உண்டா என்ற கேள்வியே இல்லை. இதை அத்தையிடம் சொன்னேன்.

“அப்ப ஜீப்புல இருந்து விழுந்திருந்தா இம்புட்டு அலைச்சல் இல்லையா?”

“விழுறதை போடிமெட்டு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமா விழணும் அத்தே. அந்தப் பக்கம் விழுந்தா கேரளா.”

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அரசாங்கம் மனிதனை மனிதனாக மட்டும் பார்க்கும் அந்த 48 மணி நேரத்தை முழங்காலுக்கும் கொஞ்சம் நீட்டலாம். முதலில் வைத்தியத்தைத் தொடங்கட்டும். ‘ள்’ வந்து சேரும்வரை பேச்சியம்மா எங்கும் ஓடிப்போக மாட்டாள், ஓடுகிற முழங்காலா அது?

அட்டை கடைசியில் வந்தது. அதில் பெயர் ‘பேச்சியாம்மாள்’.

அந்த 48 மணி நேரம் முழங்காலுக்கும் நீளும்வரை ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவின் ஆதாரையும் ரேஷன் கார்டையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து, இனிஷியல், போன் நம்பர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, உடம்பு நன்றாக இருக்கும்போதே காப்பீட்டு அட்டையை எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. அதற்கு ஓடிபி தேவையில்லை.