கரடி வாத்தியாருக்கு வேலை போச்சு

'தி ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்துக்குக் கதை எழுத வந்த லாரி கிளெமன்ஸிடம் வால்ட் டிஸ்னி மூலப் புத்தகத்தைக் கொடுத்து, இதைப் படிக்காமல் இருப்பதுதான் உன் முதல் வேலை என்று சொன்னாராம். நம்மூர்த் தயாரிப்பாளர்கள் யாரும் சொல்லாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். கிளெமன்ஸுக்கு முன்னால் பில் பீட் என்பவர், ருட்யார்ட் கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட புத்தகத்தை ஒட்டி, அதன் இருட்டையும் சேர்த்து ஒரு கதை தயாரித்திருந்தார். டிஸ்னிக்குப் பிடிக்கவில்லை. பீட் வேலையை விட்டே போய்விட்டார். படித்தவனுக்கு வேலை இல்லை என்ற நிலைமை ஹாலிவுட்டிலும் இருந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடும்போது இரண்டு கட்சி உண்டு. பகீரா கட்சிக்கு என் மனைவி நிரந்தரத் தலைவி. பலூ கட்சியில் என் மகன், கொள்கைப் பரப்புச் செயலாளர். நான் சாப்பாடு போடுகிறவர்கள் கட்சி.

கருஞ்சிறுத்தை பகீரா, ஓநாய்கள் வளர்த்த சிறுவன் மோக்லியை மனிதர்களிடம் பத்திரமாகச் சேர்க்க வேண்டும் என்று படம் முழுக்கப் பதறிக்கொண்டே திரிகிறது. பலூ கரடியோ மரத்தில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டே பாடுகிறது. இருப்பது போதும், எதற்கும் அலட்டிக்கொள்ளாதே என்பது பாட்டின் சாரம். டெர்ரி கில்கிசன் முதலில் எழுதிக் கொடுத்த பாடல்களில் டிஸ்னி விட்டுவைத்தது இந்த ஒன்றைத்தான். அது ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. எங்கள் வீட்டில் கணக்கு ஹோம்வொர்க் வரைக்கும் வந்து நிற்கிறது. "ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லுடா" என்றால், கதவு நிலையில் முதுகைத் தேய்க்கிறான்.

"ஏங்க, அந்தக் கரடியை நிறுத்துங்க முதல்ல" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும்.

இதில் அநியாயம் என்னவென்றால், கிப்ளிங்கின் பலூ அப்படிப்பட்ட ஆளே இல்லை. புத்தகத்தில் அவர் (மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும்) காட்டுச் சட்டம் நடத்தும் வாத்தியார். ஓநாய்க் குட்டிகளுக்குக் கொஞ்சம் பாடத்தோடு விட்டுவிடுவார். மோக்லி மனிதக் குட்டி என்பதால் அவனுக்கு மட்டும் போர்ஷன் அதிகம். பறவையிடம் எப்படிப் பேசுவது, பாம்பிடம் எப்படிப் பேசுவது என்று ஒவ்வொன்றையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். தப்பினால் அறை. சின்னப் பையனாயிற்றே, முகமெல்லாம் கன்றிப்போயிருக்கிறதே என்று பரிந்து பேசுவது, நம்புங்கள், பகீரா! சின்னது என்பதற்காகக் காட்டில் எதையாவது கொல்லாமல் விட்டிருக்கிறார்களா என்று திருப்பிக் கேட்கிறார் பலூ.

இதை நான் படித்துச் சொன்னபோது என் அம்மா ஜபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு, "நல்ல கரடி" என்றாள்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. குரங்குகள் மோக்லியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் பருந்தின் பாஷையில் கூப்பிட்டுச் சேதி அனுப்புகிறான். பாழடைந்த நகரத்தில் நாகங்களுக்கு நடுவே விழுந்தபோது பாம்புப் பாஷை உயிரைக் காக்கிறது. படத்தில் இதே இடத்தில் பலூ என்ன செய்கிறது? இடுப்பில் புல் பாவாடை, வாயில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை. பெண் குரங்கு வேஷம் கட்டி ஆடுகிறது. வாத்தியாரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு, லீவுக்கு வந்து திரும்பிப் போகாத மாமாவைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். காரணம் குரல் கொடுத்த பில் ஹாரிஸ். சின்ன வேஷமாக இருந்த கரடி, அவர் பேசிய பேச்சில் படத்தையே எடுத்துக்கொண்டது.

படத்தில் வரும் குரங்கு ராஜா லூயி ஒராங்குட்டான். அந்த இனம் போர்னியோவையும் சுமத்ராவையும் விட்டு நகராதது. கதை நடக்கிற மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டுக்கு எப்படி வந்தது என்று டிஸ்னியைத்தான் கேட்க வேண்டும். கேட்கவும் வழியில்லை, 1967-இல் படம் வெளிவருவதற்கு முந்தின வருஷமே அவர் காலமாகிவிட்டார். சியோனி என்றதும் நினைவு வருகிறது: தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் ஜப்பான்காரர்கள் எடுத்த 'ஜங்கிள் புக்' இந்தியில் வந்தது. ஒரு வார்த்தை புரியாமல் வாரம் தவறாமல் பார்த்தோம். ஓநாய்கூட இந்தி பேசுகிறதே என்று அப்போது கோபமாக இருந்தது. யோசித்தால், அந்த ஊர் ஓநாய் வேறென்ன பேசும்?

படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போகணும் என்று என் மனைவி மகனை மிரட்டுவதுண்டு. அவன் விஷயத்தில் இனி அது செல்லாது. புத்தகத்தில் அவ்வளவு படித்த மோக்லி கிராமத்துக்குப் போய் எருமைதான் மேய்க்கிறான். அந்த எருமைகளை இரண்டு பக்கமிருந்தும் விரட்டிவிட்டுத்தான் புலி ஷேர்கானை மிதித்துக் கொல்ல வைக்கிறான். படத்தில் புலியின் வாலில் எரிகிற கொம்பைக் கட்டி ஓட விடுகிறார்கள், அவ்வளவுதான்.

"எருமை ஐடியாதாம்மா பெஸ்ட்" என்றான் மகன். அவள் என்னைப் பார்த்தாள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலில் படத்தைக் காட்டுங்கள், அப்புறம் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். படம் 78 நிமிஷம்தான். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.